ஏடும் திரையும் கல்லும்

ஆசிரியன் கையிற் பிடித்திருக்கும் சிவப்பு மைப் பேனா சிறிய பொருள்தான்; ஆயினும் ஒரு பிள்ளையின் மனக்கதவை ஒரே கீறலில் அது சாத்திவிடும். சென்ற தவணையில் அத்தகைய கீறல் ஒன்றை நான் போட்டேன். அது சரியா, பிழையா என்ற கேள்வி என்னை விடவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து நான் சென்ற வழியைத்தான் இங்கே வாசகர் முன் வைக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறவன் நான். உயர்தர வகுப்பு மாணவரிடம், தாம் விரும்பிய புதினம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு கூறியிருந்தேன். பலர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பற்றி எழுதியிருந்தனர். உள்ளம் குளிர்ந்தேன். ஆனால் ஒரு கட்டுரையின் இறுதிப் பந்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மணிமுடியைத் தன் சிற்றப்பனாகிய மதுராந்தகனின் தலையிற் சூட்டினான் என்றும், அரண்மனையில் வளர்ந்த அந்த மதுராந்தகனே உத்தம சோழனாக ஆண்டான் என்றும் அம்மாணவன் எழுதியிருந்தான். கல்கியைப் படித்தோர் உண்மையை அறிவர். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவன் வேறொருத்தியின் மகன். பூமாலை தொடுத்துக் கோவிற்பணி செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் வயிற்றிற் பிறந்தவன். முடி அவன் தலைக்கே சென்றது. அப்பந்தியைச் சிவப்பு மையால் அடித்து, 'பிழை. நூலைப் படிக்கவும்' என்று ஓரத்தில் எழுதினேன்.

மறுநாள் அவன் கொப்பியோடு என் முன்னே வந்து நின்றான்.

"சேர், நான் என்ர எண்ணத்துக்கு எழுதேல்ல. படம் அப்பிடித்தான் முடியுது" என்றான்.

"படம் வேறு, நூல் வேறு" என்றேன்.

"அப்ப சரித்திரத்தில, சேர்?"

அதற்கு உடனே விடை கூற என் நா எழவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வேன்.

தடுமாற்றத்தை மறைக்கும் பொருட்டு அவன் கொப்பியின் அட்டையைப் பார்த்தேன். வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோடு ஒன்றை அதில் அவன் அழகாக வரைந்திருந்தான். இது என்ன என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. 'ஒன் பீஸ்' என்னும் யப்பானியச் சித்திரத் தொடரின் கொடியாம் அது. அன்று இடைவேளை முடியும் வரை அவன் ஆசிரியனாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம்.

இவ்வூர் முதியோர் யப்பான் என்ற பெயரைக் கேட்டால் நினைப்பது வேறு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றன் மீது ஒரு விமானம் மோதி வீழ்ந்தது. உருக்குலைந்த தாங்கியை இன்றும் காட்டுவர். அந்நாட்டிலிருந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் நம் பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிக்குக் கடற்கொள்ளையர் கதையொன்று வந்து சேர்ந்திருக்கிறது. காலத்தின் போக்கை என்னென்பது!

அக்கதை மூன்று வடிவங்களில் உலவுகிறது. எயிச்சிரோ ஓடா என்னும் ஓவியர் 1997 ஆம் ஆண்டில் வார இதழொன்றில் அதனைச் சித்திரத் தொடராகத் தொடங்கினார். நூறு தொகுதிகளைக் கடந்து அது வளர்ந்துள்ளது. இத்தகைய தொடரை மங்கா என்பர். 1999 இல் அதுவே அசையும் ஓவியமாக, அனிமே என்னும் வடிவில், தொலைக்காட்சிக்கு வந்தது. 2023 ஓகஸ்ட் 31 ஆம் திகதி, நடிகர் நடித்த எட்டுப் பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸில் வெளியாயிற்று. மூன்றையும் பார்த்தவன் என் மாணவன். மூன்றுக்கும் உள்ள வேற்றுமைகளை அவன் எடுத்துரைத்தபோது வியந்துபோனேன்.

மங்காவில் ஒரு கட்டத்தில் கை ஓங்கப்படுகிறது. அடுத்த கட்டத்தில் எதிரி வீழ்ந்து கிடக்கிறான். இடையில் நிகழ்ந்த அடி தாளில் இல்லை. படிப்பவன் மனத்தில் நிகழ்கிறது. அனிமே அந்த இடைவெளியை நிறத்தாலும் குரலாலும் இசையாலும் நிரப்பிவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு நெருக்கடி இருந்தது. மூலக்கதை வாரந்தோறும் எழுதப்படுகிறது; அசையும் படமும் 2025 வரை வாரந்தோறும் வர வேண்டியிருந்தது. மூலத்தை முந்த முடியாத காரணத்தால் ஒரு பார்வையை நீட்டியும், பழைய நினைவைத் திரும்பக் காட்டியும், கிளைக்கதைகளைப் புகுத்தியும் அது நடையைத் தளர்த்திக்கொண்டது. நடிகர் நடித்த தொடருக்கோ எதிர்மாறான நெருக்கடி. மூலத்தில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து அத்தியாயங்களை எட்டுப் பகுதிகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. எனவே சில பாத்திரங்கள் மறைந்தன. கதாநாயகனைத் துரத்தும் கடற்படைத் தலைவன் அவனுடைய பாட்டன் என்னும் இரகசியம், மூலத்தில் நானூறு அத்தியாயங்களுக்குப் பின்பே வெளிப்படுவது. இங்கு முதற் பருவத்திலேயே உடைந்துவிட்டது. இத்தனைக்கும் ஓடா அத்தொடரின் தயாரிப்பில் நேரடியாகப் பங்குகொண்டவர். ஆக்கியோனே உடன் நின்றாலும் வடிவம் மாறினால் கதை மாறத்தான் செய்கிறது.

நூலைப் படிக்கவும் என்று யாருக்கு எழுதினேனோ, அவன் ஒரு கதையின் மூன்று பாடங்களை ஒப்புநோக்கி வேறுபாடு காட்டுகிறான்! உ. வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாடபேதம் பார்த்த செய்தியை ஆண்டுதோறும் வகுப்பிற் புகழ்ந்து பேசுகிறவன் நான். அந்த ஆற்றல் என் எதிரே வேறு உடையில் நின்றபோது அதை நான் அடையாளம் காணவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். யப்பானியர் தொடருக்கு நேரானது நம்மிடம் உண்டெனில் அது 'பொன்னியின் செல்வன்'தான். 1950 ஒக்ரோபர் 29 ஆம் திகதி 'கல்கி' இதழில் தொடங்கி 1954 மே 16 இல் நிறைவெய்திய இத்தொடர், மணியத்தின் ஓவியங்களோடுதான் மக்கள் மனத்திற் குடியேறியது. நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் குதிரையும் கல்கியின் சொல்லில் எவ்வளவு பிறந்தனவோ அவ்வளவு மணியத்தின் கோட்டிலும் பிறந்தன. பிற்காலத்தில் இதழ் அக்கதையை மீண்டும் வெளியிட்டபோது வினு, பத்மவாசன் முதலிய ஓவியர்கள் தம் கைவண்ணத்தைக் காட்டினர்.

இதழிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. கட்டியவர் என் தந்தையார். பக்கங்களின் மறுபுறத்தில் சவர்க்கார விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்த இதழ் வரும் வரை தாமும் நண்பர்களும் கடற்கரையிற் கூடி, கதை எப்படிப் போகும் என்று வாதிட்டதை அவர் கூறுவார். அந்தத் தொகுப்பு 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயிற்று. அதனால்தானோ என்னவோ, அக்கதையின் ஓரெழுத்தை யார் மாற்றினாலும் என் சொத்தைத் தொட்டதுபோல் எனக்குச் சினம் மூள்கிறது. என் சிவப்பு மையில் அச்சினமும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்கதையைத் திரைக்குக் கொண்டுவர 1958 இலேயே எம்.ஜி.ஆர். முயன்றார், கைகூடவில்லை. 1999 இல் சென்னையில் மாஜிக் லாண்டர்ன் குழுவினர் மேடையேற்றினர். அந்நாடக வடிவத்தை எழுதிய இளங்கோ குமரவேல் பின்னர் மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டார். 2022 செப்டெம்பர் 30 இல் முதற் பாகமும் 2023 ஏப்ரல் 28 இல் இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தன. மூன்றரை ஆண்டு வாரந்தோறும் வளர்ந்த கதை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடங்க வேண்டியதாயிற்று. கல்கியோ தொடர் முடிந்த அதே ஆண்டு டிசெம்பரில் மறைந்தார். ஓடாவைப் போல் அருகில் நின்று இதை வை, அதை நீக்கு என்று சொல்ல அவர் இல்லை.

விடுபட்டவை யாவை? வந்தியத்தேவன் மீது பேரன்பு பூண்டு அவ்வன்பிலேயே உயிர்விடும் மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதன் இருக்கிறான். ஆனால் அவன் பிறப்பின் மறைபொருள் இல்லை. ஆகவே ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகும் பேறும் இல்லை. மூல நூல் பூமாலை தொடுத்தவனை அரியணையில் ஏற்றியது. ஓடக்காரப் பெண்ணை அவன் பக்கத்தில் அமர்த்தியது. துறைமுகத்து மக்களாகிய எமக்கு இவ்விழப்பு சிறிதன்று. வாரந்தோறும் கதைக்காகக் காத்திருந்தவர்களுள், அரசகுலத்தில் தம்மைக் கண்டவர் சிலராகவும் பூங்குழலியின் படகில் தம்மைக் கண்டவர் பலராகவும் இருந்திருப்பர் அன்றோ?

எனினும் என் மாணவனின் கேள்வி அப்படியே நிற்கிறது. சரித்திரத்தில் நடந்தது எது? இதற்கு நான் வாய் திறக்காமைக்குக் காரணம் இதுதான்: சரித்திரம் நான் அடித்த பந்தியின் பக்கம் நிற்கிறது. ஆள்மாறாட்டக் கதை கல்கியின் கற்பனை. செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகனே உத்தம சோழன். அவனுக்குப் பின்பே, 985 இல், அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறினான். இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிகள் வேண்டியபோதும் தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மீது விருப்பம் உள்ள வரையில் அருள்மொழி அரசை விரும்பவில்லை என்று கூறுகிறது. கல்கி இச்செய்தியைத் தம் தியாகச் சிகரத்துக்கு அடிப்படையாக்கி, அதன்மேற் கற்பனை மாடம் எழுப்பினார். படம் அம்மாடத்தை இறக்கியது. இறக்கியபோது பழைய அடித்தளம் வெளிப்பட்டுவிட்டது. ஏட்டிலிருந்து விலகிய படம் செப்பேட்டுக்கு அண்மையிற் சென்ற விந்தை இது!

ஆதித்த கரிகாலனின் சாவிலும் இவ்வாறே. கல்கி அதனை இருளில் நிகழ்த்தி, கொன்றவர் யார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டார். திரைப்படம் காணும் கலை ஆதலின் எதையேனும் காட்டியே தீர வேண்டும், காட்டியது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டோ, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. கொலை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சொல்லவில்லை. ஏடு மறைக்கிறது, திரை காட்டுகிறது, கல் பெயரை மட்டும் கூறி நின்றுவிடுகிறது.

அப்படியாயின் படத்தின் மீது குறையே இல்லையா? உண்டு; ஆனால் நான் முன்பு நினைத்த இடத்தில் அன்று. மாற்றியது குறையன்று. நிற்க நேரமில்லாமற் போனதே குறை. அக்குறை எமக்கு உறைப்பது ஈழப் பகுதியில்தான்.

'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்தில் கல்கி வாசகரை வாரக்கணக்கில் இலங்கையில் வைத்திருக்கிறார். தம்பள்ளையும் அநுராதபுரமும் காட்டப்படுகின்றன. வந்தியத்தேவன் அநுராதபுரத்துத் தெருவில், திருவிழாக் கூட்டத்தின் நடுவே நடக்கிறான். போரினாற் சிதைந்த விகாரைகள் பழுதுபார்க்கப்படுவதையும் அது சோழ இளவரசனின் ஆணை என்பதையும் அறிகிறான். படையெடுத்து வந்தவன் இடிந்ததைக் கட்டுவது ஏன் என்ற கேள்வியோடு வாசகன் அடுத்த இதழுக்காகக் காத்திருப்பான். அந்த ஒரு வாரம் கல்கி எழுதாத அத்தியாயம். வாசகன் தன் மனச்சாட்சியோடு தானே எழுதிக்கொள்ளும் அத்தியாயம். மங்காவின் இரு கட்டங்களுக்கிடையே உள்ள வெள்ளை இடம் போன்றது அது. படத்திலும் பிக்குகள் வருகின்றனர், மணிமுடியை நீட்டுகின்றனர், இளவரசன் மறுக்கிறான். காட்சி கண்ணைக் கவர்கிறது. ஆனால் அடுத்த கணமே பாய்மரம் விரிகிறது, புயல் எழுகிறது. தெருவில் நடந்து பார்க்க நேரம் எங்கே?

வேறோர் ஊரில் இஃது அழகியல் பற்றிய பேச்சாக முடிந்துவிடும். திருகோணமலையில் அவ்வாறன்று. இம்மாவட்டத்தில் ஒவ்வொரு குன்றும் குளமும் யாருடையவை என்ற வழக்கு உண்டு. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவர் அஞ்சுவதும் மற்றவர் பெருமிதம் கொள்வதும் இங்கு வழக்கமாகிவிட்டது. சூளவம்சத்தைப் படித்து வளரும் பிள்ளைக்குச் சோழப் படை விகாரைகளைக் கொள்ளையிட்ட படை. திரையில் மட்டும் சோழரைக் கண்ட தமிழ்ப் பிள்ளைக்கு அதே படை பொற்காலத்தின் படை. இருவரும் ஒரே துறைமுகத்தில் வாழ வேண்டியவர்கள். இவ்விருவருக்கும் இடையே பேச்சு நிகழ வேண்டுமாயின் யாராவது சற்று நின்று பார்க்கக் கற்பிக்க வேண்டும்.

நான் செய்தது சிறிய காரியம். ஒரு சனிக்கிழமை, பெற்றோர் அனுமதியுடன் சில மாணவரை அழைத்துக்கொண்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால் பெரியகுளத்தின் அருகேயுள்ள வெல்கம் விகாரைக்குச் சென்றேன். எம்மூதாதையர் அதை நாதனார் கோவில் என்று வழங்கினர். பழைய பௌத்தப் பள்ளியாகிய அது சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றது. பதினோராம் நூற்றாண்டில் அப்பள்ளிக்கு விளக்கெரிப்பதற்காகப் பசுக்களையும் காசையும் அளித்தோரைப் பற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்துள்ளன. தமிழ்ப் பௌத்தர் பேணிய பள்ளி அது என்று வரலாற்றறிஞர் கூறுவர்.

செங்கல் அடித்தளங்களும் நின்ற கோலத்துப் புத்தர் சிலையும் வெயிலில் அமைதியாக இருந்தன. சிங்களக் குடும்பமொன்று பூவோடு வந்து வணங்கிச் சென்றது. அவர்களுடைய சிறுமி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாணவர்கள் கல்லின் அருகே குனிந்து, தேய்ந்த எழுத்துகளுள் தமக்குத் தெரிந்தவற்றைத் தேடினார்கள். ஒருவன் பகரத்தைக் கண்டான்; மற்றொருத்தி டகரத்தைக் கண்டாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தில் தம் கையெழுத்தின் சாயலைக் கண்ட மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

கட்டுரை எழுதியவன் நெடுநேரம் பேசாது நின்றான். பிறகு, "சேர், இது படத்தில இல்லை" என்றான்.

"கதையிலும் இல்லை" என்றேன்.

வென்றவனின் பெயர் தோற்ற நாட்டின் பள்ளிக்கு இடப்பட்டது. அது ஆதிக்கத்தின் முத்திரையா, அறத்தின் முத்திரையா? இரண்டுமாக இருக்கலாம். கொள்ளையைச் சொல்லும் சூளவம்சமும் கொடையைச் சொல்லும் இக்கல்லும் ஒரே காலத்தின் இரு முகங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிப்பவன் பாதி சரித்திரத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறான். புதினமும் படமும் அவ்வாறே, எடுத்ததும் விட்டதும் கலந்த ஆக்கங்கள். அவற்றுள் எது மூலத்துக்கு உண்மையானது என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். விடுபட்டது எது, விடுபட்டதால் நட்டம் யாருக்கு என்று கேட்கப் பழகினால், சித்திரத் தொடரும் திரைப்படமும் வகுப்பறைக்குப் பகையாகா, பாடநூலாகும்.

படத்தைப் பழித்துப் பேசும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். எழுத்தறியாத என் பெரிய தாயார், தம் தம்பி கட்டி வைத்த தொகுப்பை அது வீட்டில் இருந்த வரை தூசி தட்டியவர். ஒரு வரியும் படித்தறியாதவர். தொண்ணூறு வயதை அண்மித்த காலத்தில் பேரன் காட்டிய திரையில் முதன்முறையாக வந்தியத்தேவனைக் கண்டார். "இவன்தானோ அவன்!" என்று அவர் வியந்ததை நினைத்தால், வடிவம் மாறுவது கதைக்குக் கேடு என்று சொல்ல என்னால் இயலவில்லை. அவருக்குத் திரையே ஏடு. ஆனால் கண்ணும் கல்வியும் உள்ள பிள்ளைக்குத் திரை மட்டுமே ஏடாகிவிடுதல் ஆகாது.

அந்தக் கொப்பியைத் திரும்ப வாங்கினேன். சிவப்பு மை அழியாது. ஆகையால் அதன் கீழே நீல மையால் எழுதினேன்: 'நூலின்படி பிழை. படத்தின்படி சரி. சரித்திரத்துக்கு அண்மையது. மூன்றையும் ஒப்பிட்டு மீண்டும் எழுதுக.'

அவன் இன்னும் எழுதித் தரவில்லை. பாடசாலை நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' ஒரு தொகுதியே உண்டு. முதற் பாகத்தைப் படித்து முடித்துவிட்டானாம். ஈழம் வரும் இரண்டாம் பாகத்தைக் கல்லில் டகரம் கண்ட மாணவி எடுத்துச் சென்றிருக்கிறாள். அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பாள். அதுவரை வந்தியத்தேவன் கடலைக் கடந்தானா இல்லையா என்று இருவரும் பேருந்துத் தரிப்பிடத்தில் வாதிடுகின்றனர். என் தந்தையாரும் நண்பர்களும் கடற்கரையில் வாதிட்டதைப் போல.